சபை எழுந்து நின்ற நாள்

கல்லாத்தோட்டம், கீழ்ப்பிரிவு
20.11.2002

பிரதேச சபை உறுப்பினர், உயர்திரு கா. சுரேந்திரன் அவர்களுக்கு,

கூடப் பிறந்தவனுக்கு இப்படியா எழுதுவது என்று கோபப்பட வேண்டாம். நேற்று மண்டபத்தில் கை தூக்கியது என் அண்ணன் இல்லை, உறுப்பினர்தான். அதனால் உறுப்பினருக்கே எழுதுகிறேன்.

சபை மாதம் இரண்டு தடவை கூடுவதா, ஒரு தடவை போதுமா என்று பொதுமக்களிடம் கேட்கப் போகிறோம், தோட்டத்திலிருந்தும் வாருங்கள் என்று சொல்லியனுப்பியது யார்? நீங்கள்தானே. நாங்கள் வேலைக்குப் போகவில்லை. அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போனால் போகட்டும் என்று நல்ல சேலை உடுத்தி வந்தோம். புஷ்பம் அக்கா கடன் வாங்கிய செருப்பில் வந்தாள்.

ஓய்வுபெற்ற அதிபர் எழுந்து, கூட்டம் கூட்டமாகக் கூடித் தேத்தண்ணீர் குடிப்பதுதான் மிச்சம், ஒரு தடவை போதும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுந்தேன். என் சிங்களத்தை நீங்கள் கேலி செய்வீர்கள், ஆனால் நேற்று ஒருவரும் சிரிக்கவில்லை. "மாத்தயா, பஜார்ல இருக்கிறவங்களுக்கு ஒரு கொறன்னா சேர்மன தேத்தண்ணிக் கடையில பிடிச்சிக் கேப்பாங்க. நாங்க எங்க போயி கேக்கிறது? எங்களுக்குக் கூட்ட நாள் மட்டுந்தான் இருக்கு" என்றேன். அப்பா பின் வரிசை வாங்கில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு வாக்கெடுப்பு. உறுப்பினர்களில் மாதம் ஒரு தடவை போதும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். உங்கள் கை மேலே போனது. முதலில் தலையைச் சொறிகிறீர்கள் என்று நினைத்தேன்.

அப்பாவோடு வீடு திரும்பினேன். ஆற்றுப் பலகைப் பாலத்துக்கு வந்ததும் ஒரு பலகை காலடியில் ஆடியது. "பாத்து வா" என்று மட்டும் சொன்னார்.

இனி லயத்து வீட்டுப் பக்கம் வர வேண்டாம். இந்தக் கடிதத்தை நிலாமின் த்ரீவீலில் கொடுத்தனுப்புகிறேன்.

கா. விஜயகலா


மெதகொட பஜார்
24.11.2002

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. நிலாம் கொடுக்கும்போதே சிரித்தான். வெளியே நீ எழுதியிருந்த "உயர்திரு"வைப் படித்திருப்பான்.

நீ பேசினாயே, அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்த உறுப்பினர் புவாட் நானாகூட என் முழங்கையை இடித்து, "தங்கச்சியா? கெட்டிக்காரி" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் கை தூக்கினேன். அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் காரணத்தைக் கேள். முதல் நாள் சேர்மன் என்னைக் கூப்பிட்டார். "மல்லி, தம்பி, ஒங்க கை எங்களோட இருந்தா, ஒங்க தோட்டத்து ஏதண்ட, அந்தப் பலகப் பாலம், எனக்கு முதல் வேலை" என்றார். இத்தனை வருஷமாகத் தோட்டக் கந்தோரில் கேட்டால் பாலம் சபையுடையது என்கிறார்கள், சபையில் கேட்டால் அது தோட்டத்துடையது என்கிறார்கள். நடுவில் நாம் பலகையில் ஆடிக்கொண்டிருக்கிறோம். இப்போது பலகைகூட வந்துவிட்டது. சபை வளவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நானே தொட்டுப் பார்த்தேன், நல்ல மரம். பாலத்துக்கான தீர்மானம் சபையில் நிறைவேறின மறுநாளே ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நான் எதிர்த்திருந்தாலும் ஒரு கூட்டத்தைக் குறைத்துத்தான் இருப்பார்கள். தோற்கிற பக்கம் நின்று பாலத்தையும் இழப்பதா?

இன்னொன்றும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கூட்ட நாளில் உன் அண்ணி சுகந்தினி கடையில் தனியாக நிற்கிறாள். மாதத்தில் ஒரு செவ்வாய் மிச்சமானால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. புவாட் நானாவின் வாப்பா ஹாஜியார் ஒதுக்கித் தந்த மூலையில்தான் இந்தக் கடையை நிமிர்த்தினேன். அவர் முகத்துக்காவது இதை விழ விடக் கூடாது.

அப்பாவிடம் பலகை வந்துவிட்டது என்று சொல்.

அண்ணன்


கல்லாத்தோட்டம்
06.02.2003

உறுப்பினர் அவர்களுக்கு,

பலகை வந்த செய்தியை அப்பாவிடம் சொன்னேன். "பலக வந்திடிச்சா? எங்க வந்திருக்கு?" என்று கேட்டார். சபை வளவுக்கு என்றேன்.

டிசம்பர் கூட்டத்தில் பட்ஜெட் என்றீர்கள். ஜனவரியில் நேரம் போதவில்லை என்று நிலாமிடம் சொல்லிவிட்டீர்கள். பெப்ரவரி முதல் செவ்வாய் சுதந்திர தினம். மறுநாள் அவசரமாகக் கூடிச் சம்பளக் கணக்கை மட்டும் நிறைவேற்றிவிட்டு எழுந்து போனார்களாம். முன்பு என்றால் ஒரு செவ்வாய் தவறினால் இன்னொரு செவ்வாய் இருக்கும். அதைத்தானே நீங்கள் கை தூக்கி எடுத்துவிட்டீர்கள்.

அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. அந்த இருமலோடு சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்னேரம் பாலத்துக்குப் போய்விடுகிறார். இருபது வருஷம் தோட்டத் தலைவராக இருந்த மனிதர் குந்தியிருந்து ஆணி அடிக்கிறார். ஆணி இறங்குவதில்லை, மரம் மாவாகிவிட்டது. நேற்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "காத்தமுத்து மவன் சபையில இருக்கான், பாலம் வரும்" என்று அந்தப் பக்கம் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். எனக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

என் கோபத்தை வைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். அவரை ஒரு தடவை வந்து பாருங்கள்.

விஜயகலா


கல்லாத்தோட்டம்
27.02.2003

அண்ணனுக்கு,

ஒரு வாரமாக வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இன்றுதான் காம்பரா வெறிச்சென்று இருக்கிறது. அப்பாவின் சுத்தியல் கதவு மூலையிலேயே இருக்கிறது. எடுத்து வைக்க மனம் வரவில்லை.

நீங்கள் கொள்ளி வைக்கப் புறப்படும்போது பக்கத்தில் வந்து ஏதாவது சொல்ல நினைத்தேன். மொட்டைத் தலையோடு உங்களைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டேன். கடைசி இரண்டு நாள் நீங்கள் அவர் காலடியிலேயே இருந்தீர்கள். அதை நான் பார்க்காமல் இல்லை.

மார்ச் நாலாம் தேதி கூட்டத்தில் பாலம் முதல் விஷயம் என்று புவாட் நானா சாவு வீட்டில் என்னிடம் சொன்னார். நீங்கள் போக வேண்டாம். ஏழாம் தேதிதான் கருமாதி. அதுவரை நீங்கள் சபைப் படி ஏறினால் ஊர் பேசும். புவாட் நானாவே உங்களுக்குப் பதிலாகப் பேசுகிறேன் என்றார். அவர் விட மாட்டார்.

இன்னொன்று. சேர்மன் மாலையோடு வந்தாரே, திரும்பும்போது நானே அவரிடம் போய்க் கேட்டேன். "மாத்தயா, அப்பா ஒங்க சபை வாசல்ல எத்தனையோ நாளு நின்னிருக்காரு. அவருக்காக சபை ஒரு நிமிஷம் எழும்பி நிக்குமா?" என்றேன். கட்டாயம் செய்வோம் என்றார். பேராசைதான். ஆனால் கேட்டுவிட்டேன்.

விஜி


மெதகொட பஜார்
05.03.2003

அன்புள்ள விஜி,

நான் போனேன்.

போகாமல் இருந்திருக்கலாம். நீ சொன்னாய், சுகந்தினியும் சொன்னாள். ஆனால் இந்தப் பாலத்தை இவ்வளவு இழுத்தடித்தது என் கைதான், அதை முடித்து வைப்பதும் என் வாயாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஊர் பேசினால் பேசட்டும் என்று மொட்டைத் தலையோடு போய் உட்கார்ந்தேன்.

என்னைக் கண்டதும் மண்டபமே அமைதியாகிவிட்டது. சேர்மன் எழுந்தார். அப்பாவைப் பற்றி நல்லபடியாகப் பேசினார். தோட்டத்துத் தலைவர் காத்தமுத்து அவர்கள் என்று முழுப் பெயரையும் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாசலில் இருந்த பியோனும் நின்றான். எத்தனை நாள் அப்பாவை அந்த வாசலில் காக்க வைத்தவன் தெரியுமா அவன்.

ஒரு நிமிடம் முடிந்தது. எல்லோரும் உட்காரப் போனார்கள். அப்போது சேர்மன் என்னைப் பார்த்துவிட்டு, மகன் இந்தக் கோலத்தில் நம் நடுவே இருக்கும்போது பலகை, ஆணி என்று பேசுவது மரியாதை இல்லை, அன்னாரின் நினைவாக இன்றைய சபையை ஒத்திவைப்போம் என்றார். உறுப்பினர் வீட்டில் துக்கம் என்றால் அப்படிக் கலைவது இங்கே வழக்கம்தான். புவாட் நானா என் பக்கம் திரும்பி, "என்ன செய்வம்? சொல்லு" என்று மெதுவாகக் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். வேண்டாம், பாலத்தைப் பேசுங்கள், அதுதான் எங்கள் அப்பாவுக்கு மரியாதை என்று ஒரே வரி. அது நாக்கு வரை வந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் அப்பாவுக்காக எழுந்து நின்றதே என் கண்ணில் நின்றது. நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன். அழுதேன். சபை கலைந்துவிட்டது.

அடுத்த கூட்டம் ஏப்ரல் முதலாம் தேதி. பழைய மாதிரி என்றால் பதினெட்டாம் தேதியே கூடியிருக்கும். இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

அண்ணன்


கல்லாத்தோட்டம்
06.03.2003

அன்புள்ள அண்ணே,

உங்கள் கடிதத்தைப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். மடியில் தூங்கிய குழந்தை மேல் கண்ணீர் சொட்டிவிட்டது. நல்லவேளை, அது எழும்பவில்லை.

நீங்கள் எதற்கு இப்படி நொந்துகொள்கிறீர்கள்? நம் அப்பாவுக்காக அந்தச் சபை முழுவதும் எழுந்து நின்று, வேலையையே விட்டுப் போயிருக்கிறதே! லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். மலையில் கொழுந்து எடுக்கும்போது எல்லோருக்கும் அதே பேச்சுத்தான். "காத்தமுத்து அண்ணனுக்கு சபையையே மூடினாங்களாமே?" என்று புஷ்பம் அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பாலம் எங்கே போய்விடும்? இத்தனை காலம் பொறுத்தோம், இன்னும் ஒரு மாதம் பொறுப்போம். நாளைக் கருமாதிக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள். கறுப்பு எள் மறக்க வேண்டாம்.

உங்கள் விஜி


கல்லாத்தோட்டம்
25.03.2003

அண்ணே,

நேற்றுப் பின்னேரம் பாலம் விழுந்துவிட்டது. புஷ்பம் அக்கா அதன் மேல் இருந்தாள்.

மதியமே மேலே பெரிய மழை. ஆறு கலங்கி வந்தது. அவள் உங்கள் கடைக்குத்தான் வந்திருக்கிறாள், மா வாங்க. தலையில் மா மூட்டையோடு திரும்பியபோது நடுப்பலகை போய், அதோடு ஒரு பக்கத்துக் காலும் சாய்ந்துவிட்டது. பாறையில் விழுந்திருக்கிறாள். நாங்கள் போகும்போது ஆற்றோரம் எல்லாம் வெள்ளையாக மா கரைந்து போய்க்கொண்டிருந்தது. இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிந்திருக்கிறதாம். அந்தப் பக்கம் வாகனம் நிற்கிறது, இந்தப் பக்கம் நாங்கள் நிற்கிறோம். கம்பளியில் தூக்கிக்கொண்டு பாக்டரி ரோட்டால் சுற்றிப் போனோம். வழியெல்லாம் கத்தினாள்.

தூக்கியவர்களில் ஒருவர், "பதினெட்டாந் தேதி கூடியிருந்தா பலக போட்டிருப்பாங்கல்ல?" என்றார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. சும்மா கேட்டார். நான் கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

விஜி


மெதகொட பஜார்
03.04.2003

விஜி,

ஆஸ்பத்திரிக்குப் போனேன். புஷ்பம் அக்கா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொண்டுபோன ஹோர்லிக்ஸ் போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மகள் சசிதான் வாங்கி வைத்தாள். இனி மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக அந்தப் பிள்ளை சொன்னது. வையாமல் சொன்னது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலாம் தேதி சபை கூடியது. பாலத்தை எடுத்தார்கள். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. இதற்கா இத்தனை மாதம்? இப்போது பலகை போட அடியில் கால் இல்லை. புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்கிறார்கள். பலகை வளவிலேயே நனைகிறது.

நான் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் மா நிறுக்கக் கை கூசுகிறது. என் மாதிரி ஆள் அந்த நாற்காலியில் இருக்கவே கூடாது. நீ சரி என்றால் நாளைக்கே கொடுத்துவிடுவேன்.

அண்ணன்


கல்லாத்தோட்டம்
20.04.2003

அண்ணே,

சரி இல்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

நீங்கள் எழுந்து போய்விட்டால் உங்களுக்கு ஆறுதல். புஷ்பம் அக்காவுக்கு என்ன? சேர்மனுக்கு ஒரு தலைவலி குறையும், அவ்வளவுதான். உங்களுக்கு மனம் குத்துகிறது என்றால் குத்தட்டும். எனக்கும்தான் குத்துகிறது. எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டவள் நான். நின்றார்கள் என்று தெரிந்ததும் மலையெல்லாம் போய்ப் பெருமை பேசியவளும் நான். புஷ்பம் அக்காவிடமே எத்தனை தடவை சொன்னேன்! இப்போது அவளுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வருகிறது. அவள் சோற்றை வாங்கிக்கொள்கிறாள். சாப்பிடுகிறாள், தட்டைத் தருகிறாள்.

உங்களால் முடிந்த வேலை ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் கை தூக்கி எடுத்ததை நீங்களே கை தூக்கித் திருப்பிக் கொடுங்கள். மாதம் இரண்டு கூட்டம் வேண்டும் என்று பிரேரணை கொண்டுவாருங்கள். மறுபடியும் பொதுமக்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். நாங்கள் வருவோம், பேர் போனாலும் வருவோம். இந்தத் தடவை நான் பேச மாட்டேன். நீங்கள் பேசுங்கள், நான் பின் வாங்கில் இருந்து பார்க்கிறேன்.

விஜி


மெதகொட பஜார்
02.07.2003

அன்புள்ள விஜி,

நீ நேற்றுக் கூட்டத்துக்கு வரவில்லை. மழையில் ரோடு அடைத்துவிட்டது, தோட்டத்திலிருந்து ஒருவரும் வர முடியவில்லை என்று நிலாம் சொன்னான். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். வேறு யார் வாயாலாவது வருவதற்குள் உனக்குத் தெரிய வேண்டும்.

முந்தாநாள் புவாட் நானாவின் வாப்பா, ஹாஜியார், மௌத்தாகிவிட்டார். நேற்றுக் காலையில் அடக்கம். நானும் சந்தூக்கைத் தோளில் தாங்கிப் பள்ளிவாசல் வரை போனேன். அங்கிருந்து நேராகச் சபைக்கு வந்தேன். புவாட் நானா வரவில்லை, எப்படி வருவார்? மண்டபம் நிறைந்திருந்தது. பஜார் ஆட்கள், ஆசிரியர்கள், அந்தப் பழைய அதிபரும் முன் வாங்கில் இருந்தார்.

சேர்மன் எழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நமது உறுப்பினர் புவாட் அவர்களின் தந்தையார் காலமான துயரத்தில் இன்றைய சபையை ஒத்திவைக்க வேண்டுகிறேன் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். ஒத்திவைத்தால் என் பிரேரணை ஆகஸ்ட்டுக்குப் போகும். ஆகஸ்ட்டில் வேறு யாராவது சாவார்கள்.

ஒரு நிமிடம் நின்றோம். அது முடிந்ததும் நான் உட்காரவில்லை. "மாத்தயா, நின்னது போதும். கலையக் கூடாது. கூட்டத்த நடத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. யாரோ "சீ" என்றார்கள். பின்னால் இருந்து ஒருவர், "அந்தாளு தந்த கடையில இருந்துக்கிட்டு? ஒங்க அப்பா செத்தப்போ மட்டும் சபையக் கலைச்சீங்கதானே?" என்று கத்தினார்.

"ஆமா, கலைச்சோம். நாந்தான் கைகூப்பிக்கிட்டு நின்னேன். அதனாலதான் ஒரு பொம்பள கட்டில்ல கெடக்கிறா" என்றேன்.

பிறகு எனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை. அழுதுகொண்டேதான் பேசினேனாம். பாலத்தைப் பற்றியும் மாவைப் பற்றியும் சொன்னேனாம். அதிபர் எழுந்து, தேத்தண்ணீர்ப் பேச்சுப் பேசியது நான்தான், இந்த ஆள் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாக்கெடுத்தார்கள். ஒரே ஒரு கை கூடுதலாக நம் பக்கம். முதலாவது, மூன்றாவது செவ்வாய், பழையபடியே.

கூட்டம் முடிந்து புவாட் நானா வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. பந்தலில் எல்லோருக்கும் பிளேன்டி கொடுத்துக்கொண்டு வந்தவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். "நானா" என்றேன். திரும்பவில்லை. அவர் வாப்பாவுக்கு நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை, விஜி. சரி என்றால் ஏன் இப்படி இருக்கிறது?

அண்ணன்


கல்லாத்தோட்டம்
06.07.2003

அன்புள்ள அண்ணே,

புவாட் நானா பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும். நாளைக்கும் போய் நில்லுங்கள், நாளன்றைக்கும் போய் நில்லுங்கள். சரியைச் செய்தால் மனம் லேசாகிவிடும் என்று நினைத்தீர்களா? எனக்கு ஆகவில்லை.

உங்கள் கடிதத்தைப் புஷ்பம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹாஜியார் விஷயத்தையும், நீங்கள் அழுததையும், அவளைப் பற்றிச் சொன்னதையும் எதையும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். அண்ணனை மன்னிச்சிட்டேன்னு சொல்லு என்பாள் என்று காத்திருந்தேன். வெட்கமில்லாமல் காத்திருந்தேன்.

அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"ரெண்டாவது கூட்டம் எந்தக் கெழமன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

மூணாவது செவ்வாய் என்றேன்.

"என்னய அங்க தூக்கிக்கிட்டுப் போங்க. பாலத்த நானே கேக்கிறேன்" என்றாள்.

ஆள் பற்றாது, அண்ணே. பதினைந்தாம் தேதி செவ்வாய் விடியமுன் வந்துவிடுங்கள். பாலம் இல்லை, பாக்டரி ரோட்டால் சுற்றித்தான் வர வேண்டும். கம்பளியின் ஒரு நுனியை நான் பிடிக்கிறேன், மற்றதை நீங்கள் பிடியுங்கள்.

விஜி